செவ்வந்தி மொட்டு வைத்த சேதி

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுவது. முதலில் நலம் விசாரிக்க வேண்டுமாம், தையல்காரர் சொல்கிறார். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்குத்தான் உன் அம்மா இருக்கிறாளே. மருமகளின் பிரசவத்துக்கு ஒத்தாசை என்று கூட்டிப் போனாய். பேத்தி இப்போது ஓடியாடுகிறாளாம், சந்தோஷம். எப்போது போன் பண்ணினாலும் அம்மா குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் என்கிறாய். அந்தப் பிள்ளை அப்படி என்னதான் அழுக்காகிறதோ.

கிளம்பும்போது அவள் சொன்னது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. செவ்வந்தி மொட்டு வச்சதும் சொல்லுங்க, வந்துடறேன் என்றாள். நீயும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாய். அவள் சொன்னபடியே பூத்து ஓய்ந்த தண்டுகளை ஒட்ட வெட்டினேன், அடியில் முளைத்த கன்றுகளைப் பிரித்து மணலில் ஊன்றி நிழலில் வைத்தேன், வேர் பிடித்ததும் தொட்டிக்கு மாற்றிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டேன். புதராக வளர்ந்ததே தவிர போன வருஷம் ஒரு மொட்டு இல்லை. என் கைராசிதான் இப்படி என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். இந்த வருஷம் நாற்றுக்கடைக்காரன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். ராத்திரி பூரா விளக்கு எரிஞ்சா இது எப்படிப் பெரியவரே மொட்டு வைக்கும், இதுக்கு நீண்ட இருட்டு வேணும் என்றான். அப்பா தடுக்கி விழக் கூடாது என்று பால்கனியில் நீ மாட்டிவிட்டுப் போனாயே, இருட்டினால் தானாக எரியும் விளக்கு, அதுதான். சுவிட்சும் கிடையாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், உங்க பையன் சொல்லாம நான் கை வைக்க மாட்டேன் என்கிறான். என் வீட்டு விளக்கை அணைக்க உன் உத்தரவு வேண்டியிருக்கிறது.

அதனால் தினமும் சாயங்காலம் தொட்டிகளைக் குளியலறைக்குள் தூக்கி வைத்துக் கதவைச் சாத்துகிறேன், விடிந்ததும் வெளியே கொண்டுவருகிறேன். ஒருநாள் ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டது. உன் விளக்கு பால்கனியில் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

இப்போது எல்லாச் செடியும் மொட்டு வைத்துவிட்டது. பேத்திக்கு என் ஆசீர்வாதம், மருமகளையும் நான் குறை சொல்லவில்லை. குழந்தையை ஈரத்தலையோடு விடாதீர்கள். இந்தச் சேதியை உன் அம்மாவிடம் சொல்லிவிடு. என்னைப் போல அவளுக்கும் எழுத்துத் தெரியாது. நீ படித்துக் காட்டினால்தான் உண்டு, மடித்து வைத்துவிட்டால் அவளுக்கு இந்த வருஷமும் மொட்டு வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)