வந்தாக, சொன்னாக

ஓடைப்பட்டி
20-1-2025

அன்புத் தம்பி பொன்னுராஜுக்கு,

அக்கா ஜான்சி எழுதுவது. போன் இருக்க இதென்ன புதுப் பழக்கம் என்று முழிக்காதே. போனில் நீ வந்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார். நான் கேட்கப்போவது அவர் காதில் விழக் கூடாது. அதோடு, நான் கத்த ஆரம்பித்தால் நீ கட் பண்ணிவிடுவாய். கடிதத்தை எப்படிக் கட் பண்ணுகிறாய், பார்ப்போம்.

நீ தமிழ் வசனம் எழுதிய இந்திப் படம் கம்பத்துக்கு வந்துவிட்டது. நேற்று எல்லோரும் போனோம். எல்லோரும் என்றால் நாங்கள் மூன்று பேர் மட்டும் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் தன்னோடு கொடிகளைக் கவாத்து வெட்டும் ஆட்கள் அத்தனை பேரையும் அப்பா ஒரு வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். திரையில் உன் பெயர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவன் "யோவ், உட்காருய்யா" என்று கத்தினான். "எம்மகன் பேருய்யா அது, செத்த பொறு" என்று இவரும் பதிலுக்குக் கத்தினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

படம் எனக்குப் பிடித்தது. பங்களாக்காரர் மகள், அந்த வீட்டுத் தோட்டக்காரரின் மகனை விரும்புகிறாள். நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தோட்டக்காரர் வாயைத் திறந்தாரே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏலே, சின்னம்மா வெயில்ல நிக்கிறாக, அந்தக் குடையை எடு." அப்படியே நம் அப்பா! இருமிவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பதுகூட அவர்தான். பங்களாக்காரர்கள் எல்லாம் புத்தகம் வாசிப்பதுபோல் பேசுகிறார்கள். இவர் ஒருத்தர் "வந்தாக, சொன்னாக" என்கிறார், தியேட்டரே சிரிக்கிறது. கம்பத்துக்காரனும் சிரிக்கிறான்டா! வீட்டுக்குப் போனால் அவனும் அப்படித்தான் பேசுவான், வெட்கம் கெட்டவன்.

அப்பாவும் சிரித்தார். வேனில் ஏறும்போது, "அந்தாளு நம்ம பக்கத்துக்காரன் கணக்காவே பேசுறான்லே" என்று யாரிடமோ சொன்னார். பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

வேண்டுமென்றேதான் எழுதினாயா? எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

உன் அக்கா,
ஜான்சி


சென்னை
25-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை.

வேண்டுமென்றேதான் எழுதினேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அந்தப் படத்தில் ஒரு நல்ல மனுஷன் அந்தத் தோட்டக்காரர்தான். நல்ல மனுஷன் எப்படிப் பேசுவார் என்று யோசித்தால் எனக்கு அப்பாவைத் தவிர வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. குரல் கொடுத்தவரை உட்கார வைத்து, இருமல் உட்பட நானே சொல்லிக் கொடுத்தேன். சிரிப்பார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை. முதல் காட்சியில் சிரித்தபோது எங்கள் டப்பிங் ஸ்டூடியோ முதலாளி என் முதுகில் தட்டினார். நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. அந்த முதலாளியின் மகள்தான் யுவராணி, உனக்குத் தெரியும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி நம் வீடு பார்க்க வருகிறார்கள். தை முடிவதற்குள் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று யுவராணி பிடிவாதமாக நின்று சம்மதிக்க வைத்திருக்கிறாள். அவர்கள் வசதிக்கு நாம் எந்த மூலை, அக்கா? அரை மனதாகத்தான் வருகிறார்கள். எனக்கு அன்று வேலை, வர முடியாது.

யுவராணியின் அம்மாவுக்கு அந்தத் தோட்டக்காரர் என்றால் உயிர். சாப்பாட்டு மேஜையில் அந்த அம்மா அவர் மாதிரியே பேசிக் காட்டுவார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது யாருடைய பேச்சு என்று அங்கே யாருக்கும் தெரியாது. யுவராணிக்கும் தெரியாது. அன்றைக்கு அப்பா வாயைத் திறந்ததும் அந்த அம்மா அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டால்?

அதனால் ஞானசிகாமணி மாமாவைப் பேசச் சொல். வாத்தியாராக இருந்தவர், பதமாகப் பேசுவார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் மனம் நோகாமல் நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
பொன்னுராஜ்


ஓடைப்பட்டி
31-1-2025

தம்பிக்கு,

அன்பும் இல்லை, ஆசியும் இல்லை. இப்போது எழுத வரவில்லை.

மனம் நோகாமல் சொல்ல வேண்டுமாம்! நோகாமல் சொல்ல முடிகிற காரியம் என்றால் நீயே சொல்லியிருப்பாயே. கிறுக்குப் பயலே, அவர் முகத்துக்கு நேராக யாரும் சிரித்துவிடக் கூடாது என்று உனக்குப் பயம் என்றால், உன் முதலாளி வீட்டு மேஜையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியதுதானே? அங்கே நீயும்தானே சிரித்தாய்? சிரிக்கவில்லை என்று நீ எழுதவில்லை, கவனித்தேன்.

சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு யோசித்தேன். அன்றைக்கு அந்த அம்மா சிரித்து, அப்பா எதற்கென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தால், அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என்னால் ஆகாது. அதனால் சொல்லிவிட்டேன். தொண்டை வலி கதையெல்லாம் சொல்லவில்லை. "மாமா பேசட்டும்னு தம்பி நெனைக்கிறான்ப்பா" என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஏத்தா, எம்பேச்சு அம்புட்டு கேவலமாவா இருக்கு?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். "சரி, விடு. பயலுக்கு நல்லது நடந்தாச் சரி" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

இப்போது வேலை முடிந்து வந்தால் டிவியில் செய்திதான். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உதட்டை அசைக்கிறார். எதற்கு என்று கேட்டால் சத்தத்தை இன்னும் கூட்டுகிறார்.

ஜான்சி


ஓடைப்பட்டி
10-2-2025

அன்புத் தம்பிக்கு,

சம்பந்தம் முடிந்தது. வைகாசியில் கல்யாணம். யுவராணியின் அப்பா உனக்கு நேற்றே போனில் சொல்லியிருப்பார். அவர் சொல்லியிருக்காததை நான் எழுதுகிறேன்.

மாமா எல்லாம் பதமாகத்தான் பேசினார். ஆனால் அந்த அம்மா அப்பாவைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டுவிட்டார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இருமல் வந்தது, அதையும் விழுங்கிவிட்டார். "எங்கள் இல்லத்திற்குத் தாங்கள் வருகை தந்தது பெரும் மகிழ்ச்சி அளிக்கிறது. உணவு அருந்திவிட்டுத்தான் செல்ல வேண்டும்" என்றார். அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. "தேனி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்ய வாய்ப்புள்ளது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. பேசி முடித்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

அவர்கள் சிரிக்கவில்லை. "எவ்வளவு டீசன்டாப் பேசுறார்!" என்று அந்த அம்மா மாமாவிடம் சொன்னார்கள். பேச்சு முடிவானதே அதற்குப் பிறகுதான். நீ நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷமா?

ராத்திரி அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றப் போனார். "போதும், நன்றி" என்றார் அப்பா. அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "எங்கூட இத்தன வருசமாப் பேசிக்கிட்டு இருந்த மனுசன் எங்கன போனாக?" என்று அழ ஆரம்பித்தார். அப்பா பயந்துபோனார். "ஏய், மலையம்மா, அழுவாத. கல்யாண மண்டபத்துல வாய் தவறிரக் கூடாதுல்ல. அதுக்குத்தேன் பழகுறேன்" என்றார்.

வைகாசி வரைக்கும் அவர் இப்படித்தான் இருப்பார். அதற்குப் பிறகு மட்டும் என்ன? பேரன் பிறந்தால் அவனிடம் எப்படிப் பேசுவாராம்?

இதற்கு மேல் நான் திட்டப்போவதில்லை. எனக்கே அலுத்துவிட்டது.

அக்கா,
ஜான்சி


சென்னை
17-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று அப்பா போன் பண்ணினார். "நலமாக இருக்கிறாயா? உணவு அருந்தினாயா?" என்று கேட்டார். "இருக்கேன்ப்பா" என்றேன். "மிக்க மகிழ்ச்சி" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. நம் அப்பாவோடு பேச எனக்கு ஒன்றுமில்லை, அக்கா!

ராத்திரி யுவராணி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார்கள். "சின்னம்மா வெயில்ல நிக்கிறாக." எல்லோரும் சிரித்தார்கள். "ஆன்ட்டி, அது எங்கப்பா" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். நான் எழுதியது எங்கப்பா பேச்சை, எங்கப்பாவும் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர், உங்களிடம் பேசிய பேச்சு அவர் டிவி பார்த்துப் படித்தது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

யாரும் சாப்பிடவில்லை. முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். "கல்யாண விஷயத்தைக் கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று அந்த அம்மா சொன்னார்கள். வேலை போனாலும் போகும். கல்யாணம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

யுவராணி மட்டும் கேட் வரை வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அப்போ அன்னைக்கு எங்க அம்மா அப்பாகிட்டப் பேசினது யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். வாய் மட்டும் எங்கப்பாவுடையது என்றேன். அவள் கேட்டைத் திறந்து என்னோடு தெருவுக்கு வந்தாள். பிறகு, "எனக்கு உங்கப்பாவைப் பார்க்கணும்" என்றாள்.

அவளுடைய வீட்டில் யாரும் வர மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் சனிக்கிழமை காலையில் வருகிறோம். அப்பாகிட்டச் சொல்லிராத. சொன்னா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுச் செய்தி வாசிக்க உக்காந்துருவாக. வீட்டுக்கு வராம நேராத் தோட்டத்துக்கே போறோம். அப்பா பந்தலுக்கடியில நின்னு ஆளுகளைத் திட்டிக்கிட்டு இருப்பாக. எங்களைப் பாக்குறதுக்கு முன்னாடி, அவுக பேசறதைக் கொஞ்ச நேரம் நின்னு கேட்டுக்கிறோம்.

தம்பி,
பொன்னுராஜ்