ஐஸ் அறையின் வடக்கு மூலை

யூலை 6, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாயைத் திறந்தால் மண். காலையில் பூட்டுக்கு எண்ணெய், கதவுப் பிணைச்சலுக்கும்.

இது நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். மீனவர் சங்கக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னிலையில், எழும்பி நின்று சொன்னேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. ஆகவே இதில் எழுதி வைக்கிறேன்.

இன்று ஜெயம் ஐஸ் அறைக்குள் சத்தி எடுத்தான், குடித்ததெல்லாம் வாய்வழியாக வந்தது. மீனுக்கு ஐஸ் செய்யும் எங்கள் ஐஸ் வாடியின் மிசின்காரன். எருமைத் தேகம். ஐஸ் கட்டி இழுக்கப் போனவன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து மணலில் குந்திவிட்டான். தலை பிளக்கிறதாம். கால் தன்னுடைய கால் மாதிரி இல்லையாம்.

"காலங்காத்தால என்னடா குடிச்ச?"

"அம்மாவாண தேத்தண்ணிதான் மாமா."

வெளியே கொஞ்ச நேரம் இருந்ததும் ஆள் சரி. திரும்ப உள்ளே போனான். திரும்பச் சத்தி.

காரணம் எனக்குத் தெரியும். ஜெனறேற்றர். சண்டை முடிந்து இரண்டு மாதம், கடலுக்குப் போகக் கெடுபிடி குறைந்துவிட்டது, தோணியெல்லாம் இறங்குகிறது, மீன் குவிகிறது, எல்லோருக்கும் ஐஸ் வேண்டும். கரண்ட் வருவதும் போவதும். அதனால் ஜெனறேற்றர் பகல் முழுக்க ஓட்டம். அது நிற்பது ஐஸ் அறையின் வடக்குச் சுவரோடு ஒட்டிய சாய்ப்பில். புகைக்குழாய் வாவியைப் பார்த்தபடி. கச்சான் வாவிப் பக்கமிருந்துதான் வருகிறது. புகை எங்கே போகும்?

நான் இங்கே காவல்காரன் என்றுதான் பெயர். ஆனால் மனேச்சர் செய்ய வேண்டிய யோசனை எல்லாம் நான்தான் செய்கிறேன்.

வாங்க வேண்டியது: ரோச் பற்றரி, வெற்றிலை, வீட்டில் தங்கத்துக்குத் தலைவலி எண்ணெய்.

யூலை 8, புதன்

காற்று அப்படியே. ஜெயத்துக்குத் தலையிடி அப்படியே.

தேத்தண்ணிக் கடையில் மறுபடி சொன்னேன். மிடில் ஈஸ்டில் நான் வேலை செய்த இடம் ஒரு ஐஸ் மைதானம். வெளியே பாலைவனம் தகிக்கும். உள்ளே, கடைத்தொகுதியின் நடுவில், தரை முழுக்க ஐஸ். சப்பாத்தின் அடியில் கத்தி கட்டிய பிள்ளைகள் அதில் சறுக்குவார்கள். ஐஸைச் செதுக்கி மட்டமாக்க உழவு மிசின் அளவில் ஒரு வண்டி. ஒருநாள் அது உள்ளே நின்று புகை தள்ளியது. மணம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைப் பிடித்துக்கொண்டு சத்தி. சுவரில் இருந்த சின்னப் பெட்டி கத்தத் தொடங்கிவிட்டது. எல்லாக் கதவையும் திறந்து எல்லோரையும் வெளியே எடுத்தோம். முன்னின்று எடுத்தவன் நான். ஷேக் வந்து கைகொடுத்தார்.

சங்கத் தலைவர் கந்தப்போடியார் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பாலைவனத்தில ஐஸாம், அதில புள்ளைகள் சறுக்குதாம். சீனித்தம்பி, கடலில நெல்லு விதைச்ச கதையும் கிடந்தா அதையும் சொல்லு, கேட்டிட்டுப் போவம்."

"சப்பாத்தில கத்தியாம்!" என்று ஜெயமும் சிரித்தான், நெற்றியைப் பிடித்துக்கொண்டே. "புகை எண்டா மணக்கும் மாமா. மணமில்லாத புகை உங்கட வாயில இருந்து வாறது மட்டும்தான்."

வீட்டுக்கு வந்து தங்கத்திடம் சொன்னேன். மனைவி என்றால் ஆறுதலாக ஒரு சொல் சொல்ல வேண்டாமா?

"துடைப்பம் பிடிச்சு நிண்ட படம்தானே அனுப்பினீங்க. அதில ஷேக்கைக் காணல்லியே."

படம் எடுத்த பிறகுதான் ஷேக் வந்தார்.

பாறைமீன் குழம்பு. உப்புக் கூடிப்போயிற்று.

யூலை 10, வெள்ளி

எழுத்தெல்லாம் கோணல்.

பாக்கியம் ஐஸ் அறைக்குள் விழுந்துவிட்டாள்.

தங்கத்தின் தங்கை. மீன் விற்கிறவள். சுனாமி அன்று அவளுடைய மகள் சுதாவைக் கடல் கொண்டுபோனது. ஆறு வயது. பாக்கியம் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில். கரையில் எடுத்த உடல்களை வைக்க வேறு இடமில்லாமல் இந்த ஐஸ் அறையில்தான் வைத்தோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன். பிறகு எல்லோரையும் ஒரே குழியில். சுதா அந்த அறையின் வடக்கு மூலையில் பச்சைச் சட்டையோடு கிடந்ததைப் பாக்கியத்துக்குச் சொன்னது நான். நித்திரை கொள்வதுபோல, முகத்தில் ஒரு கீறல் இல்லாமல். என் சாரத்தால் மூடிவிட்டேன் என்றும், வீட்டு ஆட்களைக் கூட்டிவருவதற்குள் எல்லோரையும் குழிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் சொன்னேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வடக்கு மூலையில் விளக்கு வைக்கிறாள். ஐஸ் கரையக்கூடாது என்று கதவையும் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது முகம் கழுவினதுபோல் இருக்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இன்று வெளியே வரவில்லை. கதவை இழுத்தேன். கன்னம் தரையில். விளக்கு எரிந்தபடி. முகம் சிவந்து செவ்வரத்தம்பூ நிறம். செத்தவர்கள் முகம் எனக்குத் தெரியும், இப்படி இராது. அதனால்தான் தூக்கினேன், இல்லாவிட்டால் அங்கேயே இருந்து அழுது குழறியிருப்பேன்.

தனியாகத் தூக்கினேன். ஜெயம் காலைப் பிடித்தான்.

வெளியே வந்ததும் எனக்கும் தலை சுற்றி, தென்னை இரண்டாகத் தெரிந்தது. மூச்சு விடுகிறாள். ஓட்டோவில் ஏற்றினோம். தங்கம் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

யூலை 11, சனி

ஆஸ்பத்திரி. பாக்கியத்துக்கு மூக்கில் ஒக்சிசன். பிழைத்துவிட்டாள்.

பெண் டொக்டர், சின்ன வயசு. காபன் என்று தொடங்கும் ஏதோ ஒரு புகை என்றார். நிறமில்லை, மணமில்லை. நான் சொன்னதேதான்! திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் கேட்க ஒருவருமில்லை.

"எந்த இடத்தில இருந்தவ?"

"வடக்கு மூலையில."

"ஜெனறேற்றர் எந்தப் பக்கம்?"

"அந்தச் சுவருக்கு அங்கால."

"அப்ப அந்த மூலையிலதான் எல்லாத்தையும் விடக் கூடப் புகை நிண்டிருக்கும். ஏன் அதில போய் இருந்தவ?"

நான் கட்டில் பக்கம் திரும்பிப் பாக்கியத்தின் போர்வையை இழுத்துவிட்டேன்.

பாக்கியம் கண் திறந்தாள். முதல் வார்த்தை: "அத்தான், விளக்கு அணைஞ்சிட்டா?" இரண்டாவது: "கதவைத் திறந்து போட்டீங்களா? ஐஸ் எல்லாம் கரைஞ்சிருக்குமே."

யூலை 13, திங்கள்

ஐஸ் வாடி பூட்டு. தலைவர் வீடு தேடி வந்தார். கதிரை போட்டேன், இருக்கவில்லை.

"சீனித்தம்பி அண்ணன், அந்தச் சறுக்கிற இடத்தில அதுக்கு மறுகா என்ன செஞ்சாங்க?"

அண்ணன்! இந்த ஊரில் என்னை அண்ணன் என்று அவர் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. வேறொரு நாள் என்றால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். இன்று அவர் இருக்காத கதிரையைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

டவுனிலிருந்து மெக்கானிக் றெஜி வந்தார். பறங்கிக்காரர், பரம்பரையாக இரும்பு வேலை. சாய்ப்பைப் பார்த்தார், குழாயைத் தட்டினார், அறைக்குள் போய்ச் சுவரெல்லாம் தடவினார். அவர் சொன்னது (நானும் நினைத்திருந்தது):

ஜெனறேற்றர் சாய்ப்பை விட்டுத் தென்னைக்கு அங்கால்.
குழாய் நிமிர்ந்து கூரைக்கு மேலே.
கதவில் உள்ளேயிருந்தும் திறக்கிற கொளுவி.
தனியாக ஒருவரும் உள்ளே போகக்கூடாது. யாராக இருந்தாலும்.
சுவரில் கத்துகிற பெட்டி. கொழும்பில் கேட்டுப் பார்ப்பாராம்.
வடக்கு மூலை உடைக்க வேண்டும்.

"சுனாமி அடிச்ச நேரமே இந்த மூலை பிளந்திட்டு. மேலால சுண்ணாம்பைப் பூசி மறைச்சிருக்கீங்க மனுசன். இதால கை போகுது பாருங்க, புகை போகாதா? உடைச்சுக் கட்டி மேல விசிறி வைக்கணும். மத்தச் சுவரெல்லாம் குளிர்க்குழாய், தொட ஏலா. இது ஒண்டுதான் இடம்."

தலைவர் தலையாட்டினார். ஜெயம் தலையாட்டினான். எனக்குத் தலை ஆடவில்லை.

யூலை 15, புதன்

பாக்கியம் நேற்று வீட்டுக்கு வந்தாள். இன்று நேரே ஐஸ் வாடிக்கு. வடக்கு மூலையில் முதுகைச் சாய்த்து இருந்துவிட்டாள். ஜெயம் சுத்தியலோடு நின்றான்.

"உடைக்கிறதெண்டா என்னை உடைச்சிட்டு மறுகா உடைங்க. எண்ட புள்ள கடைசியாக் கிடந்த இடம். மண்ணில எங்க போட்டாங்க எண்டு தெரியா. எனக்கு இருக்கிறது இந்த மூலை மட்டும்தான்."

யார் என்ன சொல்வது? வெளியே தோணிகள் வந்து நிற்கின்றன, ஐஸ் இல்லை. ஏறாவூர் லொறிக்காரர் கேட்ட விலைக்கு மீனைக் கொடுத்துவிட்டுத் தோணிக்காரர் போகிறார்கள். பின்னேரம் தலைவர் முடிவு சொன்னார்.

"வெள்ளி தொடக்கம் மிசினைப் போடுவம். வெடிப்புக்கு ஈரச் சாக்கு அடைச்சு விடுவம். உடைக்கிறது, மிசினை மாத்திறது எல்லாம் மாரிக்குப் பிறகு பார்ப்பம்."

"அப்ப நீங்க உள்ள போய் இழுங்க போடியார்," என்றான் ஜெயம். "எனக்கு ரெண்டு புள்ள கிடக்கு."

"நீ போகாட்டி வேற ஆள் இருக்கு."

வெள்ளிக்கிழமை. பாக்கியம் விளக்கோடு போகிற நாள். சொன்னால் கேட்பாளா? கேட்க மாட்டாள். கதவையும் சாத்திக்கொள்வாள்.

தங்கம் சோறு போடும்போது கேட்டாள். "சுனாமி நேரம் வீட்ட வந்து என்ன சொல்லிக் குழறினீங்க? ஒரு முகமும் தெரியல்ல, ஆர் எவர் எண்டு மட்டுக்கட்ட ஏலா எண்டுதானே?"

"குழம்பை ஊற்று," என்றேன்.

யூலை 16, வியாழன்

காற்றுக் கொஞ்சம் தணிவு.

வாகரையிலிருந்து ஒரு அம்மா வந்தாள். பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். கையில் மகனின் படம், வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. வன்னியில் இருந்தவனாம். சண்டை முடிந்து ஒரு தகவலும் இல்லையாம்.

"எங்கட பக்கம் மீன் எடுக்க வந்த நேரம் பாக்கியம் அக்காதான் சொன்னா. நீங்க ஒருக்காக் கண்ட முகத்தை மறக்க மாட்டீங்களாம். நிவாரண லொறியோட வவுனியாப் பக்கம் போனீங்களாமே. இவனை எங்கயும் கண்டீங்களா ஐயா?"

போனேன்தான். சாமான் இறக்க. படத்தைப் பார்த்தேன். கதை வாய்க்குள் தானாகவே வந்து நின்றது. ஒரு வரிசையில் நின்றான், தேத்தண்ணிக் கோப்பை பிடித்திருந்தான், மெலிந்திருந்தான், ஆனால் சிரித்தான். அத்தனையும் நாக்கு நுனியில். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"தெரியா அம்மா. நான் காணல்ல."

அடித்ததுபோல் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து மடிக்குள் வைத்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. என் ஆயுளில் இதைவிடக் கஷ்டமான சொல் நான் சொன்னதில்லை. இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

யூலை 17, வெள்ளி

உண்மையைச் சொல்லத்தான் போனேன். கிணற்றடியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

ஜெயம் சாக்கை நனைத்துக்கொண்டு நின்றான், முகம் கறுத்து. ஜெனறேற்றர் இன்னும் போடவில்லை. பாக்கியம் வடக்கு மூலையில் திரி போட்டுக்கொண்டிருந்தாள். கதவைக் கல்வைத்துத் திறந்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினேன். நான் வாயெடுக்க முதல் அவள் கேட்டுவிட்டாள்.

"அத்தான், அவட கண் மூடித்தானே இருந்த?"

"ஓம்."

அது தானாக வந்தது. அதற்குப் பிறகு கிணற்றடியில் பழகியது ஒன்றும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"பாக்கியம், இஞ்ச பாரு. எனக்கு மூலை பிழைச்சிட்டு. அண்டைக்கு உள்ளுக்க இருட்டு, கரண்டும் இல்ல. இத்தின நாளா யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன். புள்ள கிடந்தது இதில இல்ல. வாசல் மூலையில."

துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நல்லது. அவள் வாசல் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுதான்," என்றாள். "இதில விளக்கு வச்சா நூந்து நூந்து இருட்டாப் போறது. எனக்கும் ஏதோ பிழை எண்டு பட்டுத்தான் கிடந்த."

விளக்கை எடுத்தாள். வடக்கு மூலைத் தரையைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள், அங்கே இருந்த யாருக்கோ சொல்லிவிட்டுப் போவதுபோல. வாசல் மூலைக்கு நடந்து போய் நின்றாள்.

"தலை எந்தப் பக்கம் அத்தான்?"

கையால் காட்டினேன். "வாசல் பக்கம்."

"அப்ப காத்து வந்திருக்கும்," என்றாள். திரியைத் தூண்டினாள்.

நான் ஜெயத்தைப் பார்த்தேன். ஜெயம் சாக்கைப் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

யூலை 20, திங்கள்

வடக்கு மூலை உடைத்தாயிற்று. புதுக் கல், மேலே விசிறி. ஜெனறேற்றர் தென்னைக்கு அங்கால், குழாய் கூரைக்கு மேலே. றெஜி அறை நடுவில் ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தார். புகை வளைந்து விசிறிப் பக்கமாக வெளியே போவதை எல்லோரும் பார்த்தோம். ஜெயம் கைதட்டினான். கட்டி இழுத்தான், சத்தி இல்லை. தலைவர், இனி இந்த இடத்தின் பாதுகாப்புப் பொறுப்பு சீனித்தம்பி அண்ணன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மைதானத்தைப் பற்றி இப்போது ஊரே கேட்கிறது. சப்பாத்துக் கத்தி எவ்வளவு நீளம் என்றுகூட.

பாக்கியம் வாசல் மூலையில், கதவு திறந்தபடி. வெள்ளி அல்லாத நாளும் இனி வருவாளாம், இடம் வெளிச்சமாக இருக்கிறதாம்.

மத்தியானம் தங்கம் சோறு போட்டாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "இனி அந்தப் புள்ளைய இடம் மாத்தாதங்க."

மாற்ற மாட்டேன்.

மைதானம் உண்மை. சப்பாத்தில் கத்தி உண்மை. உடல்களைத் தூக்கியது உண்மை. சட்டை பச்சை என்பதும் உண்மைதான், தங்கம் தைத்துக் கொடுத்தது. வாசல் மூலையில் இல்லை. வடக்கு மூலையிலும் இல்லை. சுதாவை நான் அந்த அறையில் காணவேயில்லை.