கொழுப்பைச் சாப்பிடு, வியோலாந்தே

மெக்சிகோ, திருச்சபையின் மதவிசாரணைச் சிறை
மழை தொடங்கிய வாரம்

அருமை மகள் வியோலாந்தேவுக்கு உன் தாய் பிரீத்தெஸ் எழுதுவது.

இதே சிறையில் வேறோர் அறையில் நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். படித்ததும் மென்று விழுங்கிவிடு.

முதலில் திட்டிவிடுகிறேன். சோளக் கொழுக்கட்டைக்குள் வைத்து இரண்டு கடிதம் அனுப்பினேன். பன்றிக் கொழுப்பு வழியும் பண்டத்துக்குள் யூதப் பெண் கடிதம் வைப்பாள் என்று எந்தக் காவலனும் நினைக்கமாட்டான் அல்லவா? நீயும் அதைத் தொடமாட்டாய் என்பது எனக்குத் தோன்றவில்லை. என் வளர்ப்பு எனக்கே வினையாயிற்று. சாப்பாடு சுமக்கும் அடிமைப் பெண் பொலோனியா இரண்டையும் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். “தொட்டுக்கூடப் பாக்கலம்மா உங்க பொண்ணு. ‘ஏண்டி, செத்த பன்னி எந்திரிச்சு வந்து கடிச்சிருமா?’ன்னு காவக்காரன் கேட்டுச் சிரிக்கிறான்” என்றாள். சிரித்தவன் நேரே மேலே போய்ச் சொல்லிவிட்டான். அதனால்தான் இது வாழைப்பழத்துக்குள் வருகிறது.

இங்கே எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. போர்வை தானாகவே நகர்கிறது, அவ்வளவு பேன். பூண்டும் புளித்த மதுவும் நாறும் வாயோடு பாதிரியார் என் முகத்தருகே குனிந்து, “மனசுல இருக்கறத கொட்டிடு தாயே, லேசாயிடும்” என்கிறார். அவர் நக இடுக்கில் அழுக்கு. விசாரணை எழுத்தன், கன்னியர் மடத்தில் படித்த என் முன்னாலேயே லத்தீனை மென்று துப்புகிறான். இரண்டு இடத்தில் திருத்தினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

நான் செய்யாததை உனக்குச் சொல்வதில்லை. நேற்று காவலன் பார்க்க ஒரு கொழுக்கட்டையை முழுதாகத் தின்றேன். அண்ணத்தில் மெழுகாக ஒட்டியது. விரலையும் நக்கிக் காட்டினேன். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாந்தி எடுத்தால் அந்தச் சத்தமும் மேலே போகும். நீயும் தின்னு. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்னு. கடவுள் உன் வயிற்றை விசாரிக்கமாட்டார். இவர்கள் விசாரிப்பார்கள்.

செவ்வாயன்று வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். ஒளித்துச் செய்த யூத வழிபாடு, வெள்ளிக்கிழமை விளக்கு, நோன்பு எல்லாம் என் வேலை, உன்னை அடித்துப் பழக்கினேன், நீ அழுதுகொண்டேதான் செய்தாய் என்று சொன்னேன். கூப்பிடும்போது நீயும் அதையே சொல். என்னைத் திட்டு. எழுத்தனின் கை வலிக்கும்வரை திட்டு. உனக்கு இது முதல் முறை, முதல் முறைக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. நான் லிஸ்பனில் ஏற்கெனவே ஒருமுறை மன்னிக்கப்பட்டவள். அதற்குமேல் உனக்கு எழுதத் தேவையில்லை.

அம்மாவைத் தனியே விடமாட்டேன் என்று அங்கே போய் வீரம் பேசாதே. சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் செய்வாய். இந்த ஒருமுறை மட்டும் சொன்னதைக் கேள்.

சாராளைப் போல, ரெபேக்காளைப் போல நீடூழி வாழ்க என்பது நம் வாழ்த்து. எனக்கு அது போதவில்லை. நீ கிழவியாகவேண்டும், மகளே. பல் போய், கண் மங்கி, பெற்ற பிள்ளைகளே சலித்துக்கொள்ளும் கிழவியாக வேண்டும்.

உன் அம்மா,
பிரீத்தெஸ்