பெயர்களை வெட்டிய பாட்டு

கார்த்தஹேனா, ஓலாயா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள யெய்னருக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்கு இருமல் விட்டது. குரல் செய்தி அனுப்பினால் பாதியிலேயே உன்னைத் திட்டிவிடுவேன், அதனால்தான் கடிதம். மெக்சிகோ வரும் உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பாட்டுக்கு லிமாவில் ஒருத்தி ஆடிய வீடியோவை எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். எந்தக் கம்பெனியும் இல்லாமல், வாடகை அறையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பாடிய உனக்கு இது சின்ன விஷயமில்லை. பாட்டைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோக வந்திருக்கும் அந்த அம்மாள், நடுவில் நீ கூப்பிடும் பெயர்களை வெட்டச் சொல்வதும் நியாயம்தான். ஓலாயாவின் மீன்காரர் யார், டயானிஸ் யார் என்று லிமாக்காரிக்கு என்ன தெரியும்? வெட்டலாமா என்று என்னைக் கேட்டிருந்தாய். வெட்டு.

ஆனால் என் பதில் வருமுன்னே வெட்டி, மைதானத்து ஆட்டத்துக்குப் பாட்டுப் போடும் தோன் எவரிஸ்தோவுக்கும் அனுப்பினாயே, உனக்குப் புத்தி எங்கே போயிற்று? தன் ஒலிபெருக்கிப் பெட்டியின் பெயர் வராத சம்பேத்தாப் பாட்டை அவர் எந்தக் காலத்தில் போட்டிருக்கிறார்? சத்தம் இன்னும் சுத்தமாக இருக்கும் என்று நீ சொன்னதை நம்பி, ஞாயிறு மதியம் மைதானம் நிறைந்திருந்தபோது, முன்னால் கேட்டுப் பார்க்காமலே போட்டுவிட்டார். "எல் வெந்தவால்" என்று பெட்டியின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் மேளம். "என் பெட்டி பேரையே முழுங்கிட்டானா? மெக்சிகோ தண்ணி குடிச்சதும் நான் யாருன்னே மறந்துபோச்சா தொரைக்கு?" என்று மைக்கிலேயே கத்தினார். பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார்.

அதற்குள் கூட்டமே கத்தத் தொடங்கிவிட்டது. ஒரு வருஷமாக ஆடிய பாட்டாயிற்றே, எந்த இடத்தில் யார் பெயர் என்று எல்லோருக்கும் அத்துப்படி. எல் வெந்தவால் என்றார்கள், மீன்காரரைக் கூப்பிட்டார்கள். தோன் கையை இழுத்துக்கொண்டார். அடுத்த இடம் என்னுடையது. "டயானிஸ், என் உசுரே!" என்று மைதானமே அலறியது. நான் ஓரத்தில் என் கடையில் சோளமாவு அரேப்பா பொரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை மாரெல்விஸ், "ஒருத்தன் கூப்பிட்ட எடத்துல ஊரே கூப்பிடுது, குடுத்துவச்சவடி நீ" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். சட்டியில் இருந்ததெல்லாம் கருகிப்போயிற்று.

தோனிடம் நீயே பேசு. மன்னிப்புக் கேட்டு, பழைய பாட்டைத் திரும்ப அனுப்பு. அவர் பெட்டியில் ஒலிக்காதவனுக்கு நவம்பர் விழாவில் மேடை கிடையாது. மேடைக்காகத்தான் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அது கெட்டுவிடக் கூடாது.

அந்த அம்மாளோடும் ஒப்பந்தம் போட்டுக்கொள். இப்படி ஒரு வாய்ப்பு நம் தெருவில் யாருக்கும் வந்ததில்லை. என் பெயர் போவதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தனை பேர் கூப்பிட்டார்கள், நீ கூப்பிடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் தொண்டையைக் காப்பாற்றட்டும். நவம்பரில் வா. மேடை கிடைக்காவிட்டாலும் வா.

உன்,
டயானிஸ்