புதன்கிழமைப் பத்தி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா நலம். சலூனும் நலம், கூட்டம்தான் கொஞ்சம் மெலிந்துவிட்டது. காரணம் நீதான். புதன்தோறும் பத்திரிகையில் நீ எழுதும் சுற்றுச்சூழல் பத்தியை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் தபால்காரர் சவரத்துக்கு உட்கார்ந்தார். கடல்மட்டம் எவ்வளவு ஏறப்போகிறது என்று ஆவேசமாக விளக்கினேன். "அண்ணே, கடல் மெதுவா ஏறட்டும், மொதல்ல கழுத்துலேர்ந்து கத்திய எடுங்க!" என்று அலறிவிட்டார்.

"புகையையும் குப்பையையும் பத்தி எழுதினா எந்த மடையன் படிப்பான்?" என்று, நீ வீட்டைவிட்டுக் கோபித்துக் கிளம்பிய அன்று, நான்தான் கேட்டேன். அந்த மடையனை இப்போது தினமும் சலூன் கண்ணாடியில் பார்க்கிறேன்.

மூன்று வாரமாக உன் பத்தி வரவில்லை. அந்த இடத்தில் மெத்தை விளம்பரம் வருகிறது. பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்தேன். நீ லீவு என்றார்கள். "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "வாசகர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு எழுத வேண்டாம், அம்மா. பனி உருகுகிறது என்று ஊருக்கு நாலு வரி எழுது. நீ நன்றாக இருக்கிறாய் என்று நான் தெரிந்துகொள்கிறேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு,
உன் வாசகர்