பேக்கரிச் சூட்டில் காய்ந்த புத்தகங்கள்

போபோடி, பூனா
8 ஜூலை 1984

என் அன்பு அத்தானுக்கு,

டோரீன் எழுதுவது. கர்த்தரின் தயவில் நானும் நம் மகள் மேவிசும் மாமாவும் சுகமாயிருக்கிறோம். பஹ்ரைன் வெயில் உங்களை அதிகம் வாட்டாதிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. குடும்ப விசா வந்துவிடும் போலிருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் மாமா நம் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே கடலில் இறங்கிக் குளிக்கலாமா என்று மேவிஸ் கேட்கிறாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தீர்கள். மழை கொஞ்சம் விடட்டும் என்றிருக்கிறேன்.

மேவிசுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. மாமாவின் முழங்கால் வலி மழைக்கு அதிகமாகியிருக்கிறது. தைலம் தேய்த்துவிட்டால் எண்ணெய் நாற்றம் என்று கோபித்துக்கொள்கிறார்.

இப்போது என் கவலையை எழுதுகிறேன். நீங்கள் கப்பலேறிய பிறகுதான் நம் தெருமுனை வாசகசாலையின் சாவி என் கைக்கு வந்தது. அதனால் அது இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் அதைத் திறக்கிறேன். பிள்ளைகளுக்கு இந்தியிலும் மராத்தியிலும் கதை சொல்லும் நாள் ஒன்று. சனிக்கிழமை பெண்களுக்கு. பூண்டு உரித்துக்கொண்டும் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டும் வந்து உட்காருவார்கள், நான் சத்தமாக வாசிப்பேன். பிறகு தமிழ் எழுத்து மறந்துபோனவர்களுக்கு அதை மறுபடி சொல்லிக்கொடுப்பேன். பேக்கரி கவுஸ் பாயின் மனைவி ருக்கையா முதலில் வாசற்படியைத் தாண்டமாட்டாள். இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறாள்.

அந்த அறை வார்டு ஆபீசுக்குச் சொந்தம். கொசுப்புகை அடிக்கும் மிஷின்களை வைக்க அவர்களுக்கு இடம் வேண்டுமாம். அங்கே உண்மையிலேயே யாராவது வாசிக்கிறார்களா என்று பார்க்க வரும் வியாழக்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். இந்த நேரம் பார்த்து நேற்றைய காற்றில் கூரைத்தகடு விலகிவிட்டது. இன்று ஆராதனை முடிந்து போய்த் திறந்தால் அலமாரிகள் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. புத்தகங்கள் ஊறி உப்பிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாமா, “பஹ்ரைன் போறவளுக்கு இந்த ஒழுகுத கூரைல என்ன சோலி?” என்றார்.

எங்களுக்காக ஜெபியுங்கள்.

உங்கள்
டோரீன்


போபோடி, பூனா
15 ஜூலை 1984

என் அன்பு அத்தானுக்கு,

போன கடிதம் உங்களுக்குக் கிடைத்ததோ என்னவோ, அதற்குள் அடுத்ததை எழுத உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இரண்டு தடவை எழுத ஆரம்பித்து, கை ஓடும் வேகத்தில் எழுத்து புரியாமல் போய்க் கிழித்துவிட்டேன்.

நான் அழுதுகொண்டிருந்ததாக எழுதினேன் அல்லவா. அன்றைக்கே ருக்கையா வந்து எட்டிப் பார்த்தாள். நனைந்த புத்தகங்களில் கைக்கு எட்டியதையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். ரொட்டி சுடும் அடுப்புக்கு மேலே மாவு புளிக்க வைக்கும் பலகைகள் இருக்கின்றனவே, அவற்றில் புத்தகங்களை விரித்து நிற்கவைத்துக்கொண்டிருந்தாள். கவுஸ் பாய் மாவுத்தட்டுகளை நகர்த்தி இடம் விட்டார்.

பேக்கரி கொள்ளாத புத்தகங்களைச் சனிக்கிழமைப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இஸ்திரி வண்டி ஆனந்தவல்லி, ஈரத்தாளை இரண்டு துணிக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். ஓர் அகராதியின் அட்டை மட்டும் கருகிவிட்டது. ஒட்டிக்கொண்ட தாள்களைக் கிழியாமல் பிரிப்பதற்குப் பொறுமை வேண்டும், அத்தான். ஒவ்வொரு பக்கமாக ஊதி ஊதிப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிக்கிறவள் கண் எழுத்தின் மேல் விழாமல் என்ன செய்யும்?

வியாழக்கிழமை பிற்பகல் அதிகாரி வந்தார். நல்ல மழை. குடையை மடக்கி உள்ளே வந்தவர் சுற்றிப் பார்த்தார். கூரையைச் சரிசெய்திருந்தோம், தரையைக் கழுவியிருந்தோம், ஆனால் அலமாரிகள் காலி. புத்தகங்கள் முழுசாகக் காயட்டும் என்று நான்தான் திரும்பக் கேட்காமல் இருந்துவிட்டேன். அவர், “கிதாப் கஹான் ஹை, பாயி?” என்று புத்தகங்கள் எங்கே என விசாரித்தார். வீடுகளில் இருக்கின்றன என்றேன். எந்த வீட்டில் என்றார். எல்லா வீட்டிலும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகம் இல்லாத இடத்துக்கு வாசகசாலை என்று பெயர் எதற்கு, மிஷின்களைத் திங்கட்கிழமையே இறக்கிவிடலாம் என்று தன்னோடு வந்தவரிடம் சொன்னார்.

கொஞ்சம் உட்காருங்கள் என்று அவருக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு, மழையிலேயே பேக்கரிக்கு ஓடினேன். செய்தியைக் கேட்டதும் கவுஸ் பாய் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ரொட்டி சைக்கிளை எடுத்தார். மணியடித்துக்கொண்டே சந்து சந்தாகப் போய், “லைப்ரரி புக் வச்சிருக்கிறவங்க சீக்கிரம் வாங்க, ரூம் போகுது” என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினார். மூன்று தெரு தாண்டியும் கேட்டதாம்.

நான் திரும்பி வந்து சேர்வதற்குள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி ரொட்டிக்கூடையில் கொண்டுவந்தாள், ஒருத்தி பிள்ளையின் தொட்டில் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த தொழிற்சாலை ஆள் ஒருவர் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து மராத்தித் துப்பறியும் கதையை எடுத்தார். அதை மேஜையில் வைக்காமல், இன்னும் கொலைகாரன் யாரென்று தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துக்கொள்ளட்டுமா என்று அதிகாரியிடமே கேட்டார். அறைக்குள் நிற்க இடமில்லை. அறை முழுக்கப் பேக்கரி வாசனை.

அப்போதுதான் ருக்கையா வந்தாள். வெளி ஆண்களிடம் அவள் பேசி நான் பார்த்ததில்லை. கலங்கரை விளக்கத்தைத் தனியாகக் காக்கும் பெண்ணைப் பற்றிய தமிழ் நாவல் ஒன்று அவள் பங்குக்கு வந்திருந்தது. அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தியபடியே கதையையும் வாசித்திருக்கிறாள். கடைசிப் பக்கங்கள் கூழாகிவிட்டன. புயலில் விளக்கை ஏற்ற அந்தப் பெண் படியேறுவதோடு புத்தகம் நின்றுபோனது. ருக்கையா அதிகாரியின் முன்னால் அதை நீட்டி, அவள் உயிரோடு இறங்கி வந்தாளா இல்லையா, எனக்கு அது தெரிந்தாக வேண்டும், இன்னொரு பிரதி வாங்கிக் கொடுங்கள் என்று இந்தியில் கேட்டாள். கேட்க வந்ததைக் கேட்டே விட்டாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முடிவு உங்களுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்றேன். சொல்லிவிடுங்களேன் என்றார். சொல்லமாட்டேன், அவளே வாசிக்க வேண்டும் என்றேன். புத்தகத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அதன்பின் அந்த அறையே சிரித்தது.

மாமா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வலிக்கிற காலோடு கதவருகே நின்று, “நம்ம மருமவதான் இங்க லைப்ரரியன்” என்று ஒவ்வொருவரிடமும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் மராத்திக்காரர்கள்.

மிஷின்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதாக அதிகாரி சொல்லிவிட்டார். நேற்று எழுத்திலும் வந்துவிட்டது. கூரையை முழுசாக மாற்றித் தருகிறார்கள். தமிழ்ப் புத்தகங்கள் புதிதாக வரும், ருக்கையாவின் நாவலும் வரும். தானும் உறுப்பினராகலாமா என்று போகும்போது கேட்டார். அவர் வீடோ ஊரின் மறுபுறம், கோந்த்வாவில். இந்த வார்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று விதி இருப்பதைச் சொன்னேன். அதை எழுதியதே எங்கள் ஆபீஸ்தானே என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

இன்னொரு விஷயம். ஊருக்குள் நூலகப் பயிற்சி வகுப்பு ஒன்று ஜனவரியில் தொடங்குகிறதாம். முடித்தவர்களுக்கு நிரந்தர வேலை உண்டு. என் பெயரைச் சிபாரிசு செய்ய விரும்புவதாக அவர் சொன்னார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதைச் சொன்னபோது ருக்கையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேவிஸ் இப்போது தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். பேக்கரியின் தமிழ்ப் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு அடுத்த பலகை எங்கே என்று கேட்கிறாள். மாமா விசாவைப் பற்றி யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. போட்டோ இன்னும் எடுக்கவில்லை.

அத்தான், கிறிஸ்மசுக்கு உங்களுக்கு லீவு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை வீட்டுக்கு வந்து போங்கள். ஒரே ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஓரமாக உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன். அதுவரை எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

என்றும் உங்கள்
டோரீன்