கைமாற்று

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி திட்டப்போகிறேன். அதற்கு முன்னால் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, என்ன, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் கூடிவிடுகிறது. மாடிப்படி விளக்கை வீட்டுக்காரர் இன்னும் மாற்றவில்லை, சுவரைத் தடவித் தடவி ஏறுகிறோம். உனக்குப் பதவி உயர்வு என்று படித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு டிரைவரிடம் சொல்லப் போய்விட்டார், அப்போது முழங்கால் எங்கே போனதோ தெரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பல ஊர்த் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு ஆளும் தைத்த கணக்கு உன் திரைக்கு வருகிறது, குறைந்தவர்களுக்குச் சிவப்பு வட்டம் போடுவது உன் வேலை என்று எழுதியிருந்தாய். எங்கள் தையல் கம்பெனியிலும் ஆளாளுக்குக் கணக்கு காட்டுகிற பலகை மாட்டிவிட்டார்கள் என்று நான் புலம்பியதற்கு, நல்லதுதானேம்மா, அவங்கவங்க திறமைல சுதந்திரமா முன்னுக்கு வரலாமே, நான் தனி ஆளா வரலையா என்று கேட்டிருந்தாய். தனி ஆளாக வந்தாயாமே. இரு, அதற்கு வருகிறேன்.

எங்கள் வரிசையில் நாங்கள் எல்லோரும் காலர்தான் தைக்கிறோம், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் வரிசை மொத்தத்துக்கும் ஒரே கணக்கு. ஒருத்திக்குக் கை வலி என்றால் பக்கத்தில் இருப்பவள் தைத்ததில் ஒரு பிடி எடுத்து அவள் கூடையில் போடுவாள். அதற்குக் கைமாற்று என்று பேர். யாரும் கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. இப்போது புது மேனேஜர் வந்து, இனிமே நீங்க கூட்டம் இல்ல, ஒவ்வொருத்தரும் தனி மனுஷி, உங்க திறமை உங்க சொத்து, உங்க சுதந்திரம் உங்க கையில என்று பேசிவிட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி பெரிய பலகையை மாட்டினார். ஒவ்வொருத்தி பேருக்கும் எதிரே அவள் கூடையில் சேர்ந்த காலர்களின் எண் ஏறும். மாதக் கடைசியில் அடியில் இருப்பவளுக்கு வேலை இல்லை. இது என்ன சுதந்திரமோ! கழிவறைக்குப் போவதென்றால் இன்றைக்கும் சூப்பர்வைசர் கழுத்தில் தொங்குகிற அட்டையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டுதான் போகிறோம். வரிசைக்கே ஒரு அட்டைதான், அவசரம் வந்தால் தனி மனுஷி தனியாகத் தவிக்க வேண்டியதுதான். இந்த அட்டையை எடுக்க மனசில்லாத மேனேஜர் எங்களுக்குச் சுதந்திரம் கற்றுக்கொடுக்கிறார்.

பலகையில் முதல் ஆள் யார் தெரியுமா, உன் அம்மா. என் படத்தை வாசலில் மாட்டி மாலை போடாத குறை. அடியில் இருந்தவள் யார் என்றால் நம் கண்ணாடிக்காரி, எனக்குப் பக்கத்து மெஷின். பார்வை மங்கிக்கொண்டே வருகிறது அவளுக்கு. புருஷன் இல்லாத வீடு, அவள் கையை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. நான் என்ன செய்வேன், வழக்கம்போல என் கூடையிலிருந்து எடுத்து அவள் கூடையில் போட்டேன். கேமராவில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, இது ஏமாத்து வேலை என்றார் மேனேஜர். காலர் எண்ணிக்கை குறைந்ததா என்று கேட்டேன், இல்லை என்றார். தையல் பிரிந்ததா என்றேன், அதுவும் இல்லை. அப்புறம் யார் ஏமாந்தது என்றால் பலகை ஏமாந்ததாம்! என் திறமை என் சொத்து என்று நீங்கள்தானே சொன்னீர்கள், என் சொத்தை நான் யாருக்குக் கொடுத்தால் உங்களுக்கு என்ன என்று கேட்டேன். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் குரலைத் தணித்து, உங்களை சூப்பர்வைசர் ஆக்குறேன், அவளைக் கண்டுக்காம விட்டுடுங்க என்றார். அட்டையை என் கழுத்தில் தொங்கவிடப் பார்க்கிறார் என்று புரிந்தது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அப்பாவுக்கு இதில் வருத்தம்தான், நீயும் அவரோடு சேர்ந்துகொள்ளாதே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வயிற்றில் இருந்தபோது என் கால் வீங்கி மிதிகட்டையை மிதிக்க முடியாமல் போனது. அந்த மாதமெல்லாம் என் கூடையை நிரப்பியவள் இந்தக் கண்ணாடிக்காரிதான், அப்போது அவள் கண்ணாடி போடவில்லை. அன்றைக்கு இந்தப் பலகை இருந்திருந்தால் அடியில் நான்தான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் அரைநாள் போனபோதும், உனக்கு அம்மை போட்டபோதும் என் இடத்தில் யாரோ ஒருத்தி குனிந்து தைத்துக்கொண்டு இருந்தாள். நீ தனி ஆளாக முன்னுக்கு வரவில்லை ராசா, ஒரு வரிசையே பின்னால் நின்று உன்னைத் தள்ளிவிட்டது. இதைச் சொல்லிக்காட்ட வேண்டி வந்ததே என்றுதான் எனக்கு ஆத்திரம், உன்மேல் கோபம் அதில் பாதிதான்.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டோம். கேமரா கண்ணில் படாமல் மெஷினுக்கு அடியில் ஆளுக்கு ஆள் எண்ணி எண்ணிக் கைமாற்றினோம். சாயங்காலம் பலகையில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண். முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. பலகை கெட்டுப்போச்சு என்று மேனேஜர் மெக்கானிக்கை வரவழைத்தார், அவன் ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் ஆகல சார் என்று இறங்கிவிட்டான். கண்ணாடிக்காரி சிரித்ததில் கண்ணாடியே கழன்றது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மேனேஜர் இப்போது, கணக்கையெல்லாம் வெளிநாட்டு ஆபீசுக்கு அனுப்பிட்டேன், அங்க பாத்து யாரைத் தூக்கணும்னு சொல்லுவாங்க என்று மிரட்டுகிறார்.

அது உன் ஆபீசாக இருக்காது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். இல்லாமலே போகட்டும். ஆனால் எந்த ஊர்க் கணக்காக இருந்தாலும், ஒரு வரிசை முழுக்க ஒரே எண்ணாக உன் திரையில் வந்தால், கோளாறு என்று எழுதிவிடாதே. அதில் யாரைச் சுற்றி வட்டம் போட்டாலும் அது உன்னைப் பெற்றவளைச் சுற்றித்தான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அப்பாவும் நானும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எந்நேரமும் நினைக்கிறோம், ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு. திட்டியதற்கு மனம் கோணாமல் பதில் போடு.

இப்படிக்கு,
பலகையில் முதலும் இல்லாத கடைசியும் இல்லாத
உன் அம்மா